நாலு பேருக்கு ஒரே பெயர்

விடியற்காலையில் உழைக்கிறவர்கள் என்றால் நமக்கு வயலில் குனிந்திருப்பவர்களும் கடலில் வலை இழுப்பவர்களும்தான் கண்ணில் வருவார்கள். கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், குளிர்காற்று நேராகப் பிடரியில் இறங்க, சால்வையைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பது உழைப்பில் சேராது. “ஏசியில உக்காந்து பட்டனைத் தட்டறதுக்கு அவ்வளவு சம்பளமா?” என்று கேட்ட உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. கேட்டவர்களில் ஒருவராவது ஒரே ஒரு விடியலுக்கு அவளுடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல எரிச்சல். வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். கட்டியும் சுண்டுவிரல் வரை மரத்துப் போயிருந்தது. நடுமுதுகில் ஓர் இடம் ஆணி அடித்த மாதிரி வலித்தது. நேற்றுக் காலையில் வந்து உட்கார்ந்தவள். அவளை மாற்றிவிட வேண்டிய ஆளைப் போன மாதம் செலவுக் குறைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆளை அனுப்பினார்களே தவிர அவன் வேலையை அனுப்பவில்லை. அது அப்படியே இவள் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

டீமில் எல்லோரும் அவளை அக்கா என்பார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம்.

கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் மருந்துக்கடைக் கம்பெனி ஒன்று இந்த டீமின் ‘கஸ்டமர்’. எந்தக் கடையில் யாருக்கு எந்த மருந்து போக வேண்டும் என்ற ஆர்டர்கள் எல்லாம் ஒரு பெரிய கணினியில் கிடக்கும். அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வதுதான் இவர்கள் வேலை. இங்கே விடியும்போது அங்கே கடை திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். மென்பொருளில் எதை மாற்றுவதாக இருந்தாலும் அந்த இடைவெளிக்குள் மாற்றி முடித்தாக வேண்டும்.

அதற்கு ஒரு முறை உண்டு. நிஜக் கணினிக்கு லைவ் என்று பெயர். அதே மாதிரி ஒத்திகைக்கு வைத்திருப்பது டெஸ்ட். முதலில் டெஸ்டில் பழைய ஆர்டர்களை அழித்துச் சுத்தம் செய்து, புதியதை ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் லைவில் ஏற்ற வேண்டும். அக்காவின் திரையில் இரண்டு ஜன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. இரண்டும் கறுப்பு, இரண்டிலும் வெள்ளை எழுத்து. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே சட்டை போட்டுவிட்டால் பெற்றவளே குழம்புவாள். லைவுக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுங்கள் என்று இவர்கள் கேட்காத நாளில்லை. “அடுத்த காலாண்டுல பாத்துக்கலாம்” என்பார் மேலாளர். அந்தக் காலாண்டு வரவே இல்லை.

அழிக்கும் கட்டளையை அடித்து என்டர் தட்டினாள். டெஸ்டில் அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இப்போது முடியவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஜன்னலின் மூலையிலிருந்த சின்ன எழுத்தைப் பார்த்தாள்: லைவ். நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், பிறகு அழுத்திக்கொண்டே இருந்தாள். நின்றபோது லைவில் ஆர்டர்கள் அழிந்து போயிருந்தன. அங்கே எங்கோ ஒரு கடை வாசலில் சர்க்கரை நோய்க்கு ஊசி மருந்து வாங்க வந்து நிற்கப் போகிற யாரோ ஒரு கிழவரின் முகம், பார்த்தே இராத முகம், அவள் கண் முன்னால் வந்து நின்றது.

“என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?”

தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்த பச்சை கேட்டார். கம்பெனி ஆட்களுக்குக் கழுத்தில் நீலப் பட்டை, ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்குப் பச்சைப் பட்டை. சாப்பாட்டுக் கூடத்தில்கூடப் பச்சைப் பட்டைக்குத் தனி மூலை. அதனால் அவருக்கு அந்தப் பெயர். காலை முறைக்கு வர அவருக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்கா நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று பரிதாபப்பட்டுச் சீக்கிரமே வந்தவர். அந்தப் பரிதாபம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அவள் திரையைக் காட்டினாள். அவர் பார்த்தார். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முந்தின நாள் எடுத்து வைத்த நகலை இறக்கி, துண்டு துண்டாக, ஒன்றை இவள் சரிபார்க்க இன்னொன்றை அவர் ஏற்ற, அங்கே கடைகள் திறந்து, வாசலில் ஆட்கள் முணுமுணுத்து, அந்தக் கம்பெனி அதிகாரிகள் போனில் கத்தி, இங்கே வெயில் கண்ணாடியில் ஏறிய பிறகுதான் எல்லாம் பழையபடி வந்து சேர்ந்தது. அதுவரை இருவரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அழித்தது யார் என்று லைவில் பதிவாகியிருக்கும். ஆனால் அங்கே பதிவானது ‘சப்போர்ட்’ என்ற ஒரு பெயர். அக்காவும் சப்போர்ட், பச்சையும் சப்போர்ட், டீமில் மிச்சமிருக்கும் இரண்டு பேரும் சப்போர்ட். ஆளுக்கொரு ஐடி வாங்கினால் செலவு என்று கம்பெனி ஒரே ஒரு பொது ஐடியை வாங்கி நாலு பேர் கையில் கொடுத்திருந்தது. பாஸ்வேர்டு வாய்வழியாகப் போகும். வருஷா வருஷம் பாதுகாப்புத் தேர்வு என்று ஒன்று வைப்பார்கள். ‘உங்கள் பாஸ்வேர்டை இன்னொருவரிடம் சொல்லலாமா?’ என்று அதில் கேள்வி வரும். ‘ஒருபோதும் கூடாது’ என்று குறி வைத்து எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். வாங்கிவிட்டுத் திரும்பி, “இந்த மாசத்துப் பாஸ்வேர்டு என்னப்பா?” என்று பக்கத்தில் கேட்பார்கள். “ஒரே பல் பிரஷ்ஷை நாலு பேரு வச்சுத் தேய்க்கிற குடும்பம் இது” என்பாள் டீமின் வாயாடி.

மேலாளர் அக்காவைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அவர் பேச ஆரம்பித்தால் எறும்பு மொய்க்கும். ஆகவே முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சர்க்கரை என்று பெயர்.

“உக்காருங்கம்மா. காபி எடுத்துக்குங்க. முகமே வாடிப் போச்சு.”

“சார், காலையில நடந்தது...”

“விடுங்க. மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். நான் அதைப் பத்தியே பேசல. கஸ்டமர் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறாங்க. யாருன்னு. ஒரு பேரைக் குடுத்துட்டா விஷயம் முடிஞ்சு போயிடும்.”

“சார், அது நா...”

அவர் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். “அவசரப்படாதீங்க. உங்க வீட்டு நெலமை எனக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரரும் வேலையில்லாம இருக்கார். உங்க பேரு போச்சுன்னா கஸ்டமர் உங்களை டீம்லேருந்து எடுக்கச் சொல்லிடுவாங்க. அப்புறம் வேற வேலை குடுக்கற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். அப்படி உக்காந்தவங்க என்ன ஆனாங்கன்னு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை. அவர்களெல்லாம் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ விலகிப் போனவர்கள்.

“அந்த நேரத்துல பச்சை உள்ள இருந்தாரில்ல?” என்றார் சர்க்கரை, காபியை ஆற்றியபடி.

“இருந்தார். ஆனா...”

“ஆனாவெல்லாம் வேண்டாம். இருந்தார். கதவுல அவர் கார்டு பதிவாகியிருக்கு. எனக்கு அது போதும்.”

“அவர் ஒண்ணும் பண்ணலைங்க சார். எனக்கு உதவிதான் பண்ணினார்.”

“நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். சாயங்காலம் கஸ்டமரோட மீட்டிங். நான் பேசிக்கறேன். நீங்க சும்மா இருந்தா போதும். அவர் நம்ம ஆளே கெடையாது, ஏஜென்சி ஆளு. ஒரு போன் போட்டா நாளைக்கு வேற ஒருத்தரை அனுப்பி வைப்பாங்க. அவருக்கும் வேற எங்கயாவது கெடைக்கும்.”

முடியாது என்று அக்கா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் காபியைக் குடித்தாள். மௌனம் சம்மதம் என்பது சர்க்கரைக்கு நன்றாகத் தெரிந்த பழமொழி. “போய் வீட்டுல கொஞ்சம் படுத்து எந்திரிச்சு வாங்க” என்று கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டில் கணவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. இதே தொழிலில் இன்னொரு கம்பெனியில் இருந்தவர். ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்து அவர் கையாலேயே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். அன்றிலிருந்து வீட்டில் தூசி என்பதே கிடையாது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவர் சோற்றைப் போட்டு வைக்க, அக்கா பிசைந்து பிசைந்து வைத்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

“சும்மா இருந்துடு” என்றார் அவர்.

“என்னங்க சொல்றீங்க?”

“வேற என்னம்மா சொல்ல? ரெண்டு பேருமே வீட்டுல உக்காந்தா என்ன ஆகும்? அவருக்குக் கஷ்டந்தான், இல்லேங்கல. நாம என்ன பண்ண முடியும்?”

“உங்களுக்கு நடந்தப்ப உங்க சிநேகிதர் இதையேதானே அவர் பெண்டாட்டிகிட்ட சொல்லியிருப்பார்? தினம் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவர், அன்னிக்கு வாயே திறக்கல. அப்புறம் உங்க போனைக்கூட எடுக்கலையே.”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன உடனே தோன்றியது. அவர் துணியை உதறிக் கொடியில் போட்டார். முகத்தைக் காட்டாமலே பேசினார்.

“அவன் மேல எனக்குக் கோபம் இல்லேன்னு உன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். பொய். ராத்திரி படுத்தா அவன் மூஞ்சிதான் வருது. வேலைக்கு எடுத்தவன், அனுப்பினவன் மூஞ்சியெல்லாம் மறந்துபோச்சு.”

“நான் என்ன பண்ணட்டும்?”

“பயமா இருக்கும்மா எனக்கு. பயந்தவன்கிட்ட யோசனை கேக்காதே. நீ எந்திரிச்சுப் போ. போயி என்ன தோணுதோ பண்ணு. கதவை நான் சாத்திக்கறேன்.”

அவள் படுக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு புறப்பட்டாள்.

ஆறாவது மாடியில் மின்தூக்கி திறந்ததும் பச்சைதான் கண்ணில் பட்டார். டீம் கதவுக்கு வெளியே நின்று கார்டைக் காட்டிக்கொண்டிருந்தார். கருவி சிவப்பு விளக்கைக் காட்டிக் கீச்சென்றது. கார்டைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினார். மறுபடி கீச்.

“டீ குடிக்கக் கீழ போனேன் அக்கா. வந்து பாத்தா திறக்க மாட்டேங்குது. கார்டு கோளாறு போல. நீங்க திறந்துவிடுங்க, உள்ள டிபன் பாக்ஸ் இருக்கு. கஸ்டமர் மீட்டிங்குக்கு நானும் வேண்டியிருக்கும்ல?”

மீட்டிங் நடக்கும் வரைகூடச் சர்க்கரை காத்திருக்கவில்லை. இனி ஒரு நிமிஷம் அந்த மனிதரை அந்தக் கருவியோடு மன்றாட விட்டால் தான் மனுஷியே இல்லை என்று அக்காவுக்குப் பட்டது.

“கோளாறு இல்ல தம்பி. உங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்க.”

“என்னது?”

“காலையில அழிச்சது நீங்கதான்னு கஸ்டமர்கிட்ட சொல்லப் போறாங்க. சர்க்கரை என்னைக் கூப்பிட்டு, நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்னு சொன்னார்.”

பச்சை அவளையே பார்த்தார். “நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லலையா?” கார்டைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. “உங்களுக்காகத்தானே நான் சீக்கிரம் வந்தேன்? என் வீட்டுக்காரி, எதுக்கு இப்பவே கிளம்பறீங்க, யாரு கேக்கப் போறான்னு கேட்டா. அக்கா பாவம்னு சொல்லிட்டு வந்தேன். பாவம்! பெரிய மனுஷி நீங்க. நல்லா இருங்க மேடம்.”

‘மேடம்’ என்ற அந்த ஒரு சொல் கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது. அவர் அங்கேயே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போய் என்ன சொல்வதென்று தெரியாதவர் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

அக்கா உள்ளே போனாள். வாயாடி காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே தத்துவம். டீமிலேயே வயதில் மூத்தவர். எது நடந்தாலும் ‘எல்லாம் மாயை’ என்று ஒரு பெருமூச்சு விடுவார். வீட்டுக்கடன் மட்டும் மாயை இல்லை என்பதால் சர்க்கரை சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார். இருவரையும் நாற்காலியைத் திருப்பச் சொல்லி, காலையில் தன் கை செய்ததையும் கண்ணாடி அறையில் தன் வாய் செய்யாததையும் எதையும் கழிக்காமல் சொன்னாள்.

“அடப்பாவி மனுஷா!” என்றாள் வாயாடி. கண்ணாடி அறைக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

“மெதுவா, மெதுவா” என்றார் தத்துவம். “நமக்கெதுக்கு வம்பு? அக்கா போயி, நான்தான்னு சொல்லிட்டா பச்சை தப்பிச்சுப்பாரு. அது நியாயம். அதோட முடிஞ்சது.”

“முடிஞ்சதா? அக்காவை அனுப்பிடுவாங்க. அப்புறம் அக்கா வேலையும் சேத்து உங்க தலையில விழும். ரெண்டு நாள் தூங்காம உக்காந்து நீங்க எதையாவது அழிப்பீங்க. அப்ப யாரு பேரைக் குடுக்கலாம்? என் பேரையா?”

தத்துவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே கதவின் கண்ணாடி வழியாகப் பச்சையின் முழங்காலும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன.

“போன மாசம்,” என்றார் கடைசியில், “நானும் ஒரு தடவை லைவ்ல அடிச்சுட்டேன். என்டர் தட்டறதுக்கு முன்னால பாத்துட்டேன். அன்னிக்குப் பூரா ஒண்ணொண்ணையும் மூணு தடவை பாத்துத்தான் அடிச்சேன். யார்கிட்டயும் சொல்லல.”

“நானும்தான்” என்றாள் வாயாடி. இந்தத் தடவை அவள் குரல் தாழ்ந்திருந்தது. “ரெண்டு தடவை.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு மூட்டையாக இந்தப் பயத்தைத் தனித்தனியே சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

“அது என்ன நியாயம்?” தத்துவத்துக்குத் திடீரென்று கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்து டீமில் யாரும் பார்த்ததில்லை. “வேலை செய்யறப்ப நாலு பேருக்கும் ஒரே பேரு. அடி வாங்கறப்ப மட்டும் தனித்தனிப் பேரா? பொது ஐடி குடுத்தது யாரு? நாமளா கேட்டோம்? இனிமே நான் அதைத் தொடறதா இல்ல. பாஸ்வேர்டைப் பங்கு போடக் கூடாதுன்னு இவங்கதானே பரீட்சை வைக்கறாங்க? அந்தப் பரீட்சையில நான் நூத்துக்கு நூறு. என்ன எழுதினேனோ அதன்படி நடந்துட்டுப் போறேன்.”

வாயாடி வாயைப் பிளந்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. “சார், உங்க வாயில சர்க்கரைதான் போடணும்! ஐயையோ, அந்தச் சர்க்கரை இல்ல.”

அப்படித்தான் அது முடிவாயிற்று. கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. மூன்று பேரும் பொது ஐடியிலிருந்து வெளியே வந்தார்கள். அவரவர் சொந்த ஐடியில் நுழைந்தார்கள். அதில் மின்னஞ்சல் படிக்கலாம், விடுமுறை கேட்கலாம். லைவ் திறக்காது.

சிறிது நேரத்தில் மேசைப் போன்கள் ஒவ்வொன்றாக அலற ஆரம்பித்தன. சர்க்கரை அறையை விட்டு ஓடி வந்தார்.

“என்ன நடக்குது இங்க? லைவ்ல ஒருத்தரையும் காணோம்னு கஸ்டமர் கூப்பிடறான்! ஏம்மா, மீட்டிங்குக்கு நேரமாச்சு, வாங்க.”

அக்கா எழுந்து நின்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், காலையில லைவ்ல அழிச்சது நான். பச்சை இல்ல. கஸ்டமர்கிட்ட அதை நானே சொல்றேன். முந்தின நாளிலேருந்து தூங்காம உக்காந்திருந்தேன்னும், ரெண்டு ஜன்னலும் ஒரே மாதிரி இருக்குன்னு எத்தனை தடவை உங்ககிட்ட சொன்னோம்னும் சேத்துச் சொல்றேன்.”

சர்க்கரையின் முகத்தில் இனிப்பு வடிந்துவிட்டது. “உங்க நல்லதுக்குச் சொன்னேன். தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்க.”

“எங்க தலையில இத்தனை நாளா நீங்கதானே போட்டீங்க” என்றாள் வாயாடி.

“நீ சும்மா இரும்மா! முதல்ல லைவுக்குள்ள போங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.”

“போக முடியாது சார்” என்றார் தத்துவம். எழுந்து நின்றுதான் சொன்னார். சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். “எங்க சொந்த ஐடிக்கு அனுமதி இல்ல. ஆளுக்கொரு ஐடி வாங்கிக் குடுங்க. உடனே போறோம்.”

“பொது ஐடி இருக்கே!”

“அதைப் பங்கு போட்டுக்கறது விதிப்படி தப்பு சார். பரீட்சையில வருதே.”

“ஓஹோ. ஸ்டிரைக்கா?”

“இல்ல சார்” என்றாள் அக்கா. “விதிப்படி வேலை செய்யறோம். ஆளுக்கொரு ஐடி வேணும். லைவுக்குத் தனி நிறம் வேணும். அனுப்பின ஆளுக்குப் பதிலா ஆள் வேணும். எல்லாத்துக்கும் முன்னால, பச்சையோட கார்டு வேலை செய்யணும்.”

“நாலு பேரையும் இன்னிக்கே அனுப்பிட்டுப் புதுசா எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கறீங்க? வெளிய வரிசையில நிக்கறான், தெரியுமா? பாதிச் சம்பளத்துக்கு வருவான்.”

அது வெறும் மிரட்டல் இல்லை. உண்மையாகவே நிற்கிறார்கள். அக்காவுக்கு மகளின் முகம் வந்தது, துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருக்கும் மனிதரின் முதுகு வந்தது. பயமில்லை என்று அவள் சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்.

“தெரியும் சார். அவங்களுக்கும் நீங்க இதே பொது ஐடியைத்தான் குடுப்பீங்க. குடுங்க. அதுவரைக்கும் நாங்க பச்சையோட இருக்கோம்.”

அவள் கதவை நோக்கி நடந்தாள். உள்ளிருந்து வெளியே போகக் கார்டு வேண்டாம். திரும்பி உள்ளே வரத்தான் வேண்டும். போனால் அந்தக் கார்டும் செத்துவிடலாம் என்பது மூவருக்கும் தெரிந்தது. வாயாடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். தத்துவம் கதவருகே நின்றார். கையைக் கைப்பிடியில் வைத்தார், எடுத்தார். “ஐயோ, என் வீட்டுக்கடன்” என்று வாய்விட்டே சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறவர் மாதிரி ஒரே எட்டில் வெளியே வந்தார். கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

அக்கா பச்சைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “சொல்லிட்டேன்” என்றாள். “காலையிலயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சுக்குங்க தம்பி.”

அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மன்னிப்பு என்பது கேட்டதும் எடுத்துக் கொடுக்க மேசையில் வைத்திருக்கும் பொருளா? அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. வாயாடிதான் எதிர்ச்சுவரில் சாய்ந்துகொண்டு, நம் தொழிலுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது, அவளுடைய தோழி ஒருத்தி அதில் இருக்கிறாள், இன்றைக்கே கூட்டி வருகிறேன் என்று பேசிக்கொண்டிருந்தாள். தத்துவம் முதல் தடவையாக ‘சங்கமா?’ என்று முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு உள்ளே சர்க்கரை போனைக் காதில் இடுக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒருமுறை கதவுக்கு வந்து கொஞ்சமாகத் திறந்தார். “கஸ்டமர் லைன்ல இருக்கான். நீங்க மட்டும் வாங்கம்மா. மத்ததைப் பேசித் தீத்துக்கலாம்.”

“நாலு பேரும் வர்றோம் சார். அவர் கார்டைத் திறக்கச் சொல்லுங்க.”

“அது என் கையில இல்லம்மா.”

“அப்ப இங்கயே இருக்கோம்.”

கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அவருடைய கார்டு திறக்குமா, அவளுடையது மட்டுமாவது திறக்குமா, நாளைக் காலையில் அந்த நாற்காலிகளில் யார் இருப்பார்கள், ஒன்றும் தெரியாது. மகளின் பள்ளிக்கூடத்தில் கட்டணம் கேட்டால் எதிலிருந்து கட்டுவது என்பதும் தெரியாது.

தாழ்வாரத்தின் அந்தப் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்தது. வங்கிக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் டீம் அது. தினம் மின்தூக்கியில் பார்ப்பதுண்டு. ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. கலைந்த தலையும் வீங்கிய கண்ணுமாக ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தரையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு நின்றாள்.

“என்னங்க ஆச்சு?”

வாயாடி சொன்னாள். சுருக்கமாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது; காலையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். அந்தப் பெண் முழுவதையும் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, “எங்ககிட்ட ஏழு பேருக்கு ஒரே ஐடி” என்றாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். கதவை முதுகால் தள்ளித் திறந்து, உள்ளே பார்த்து யாரையோ கை காட்டிக் கூப்பிட்டாள். அவள் பின்னால் பச்சைப் பட்டை போட்ட ஒருவன் வந்தான். அவனுக்குப் பின்னால் நீலப் பட்டை போட்ட இரண்டு பேர். இன்னும் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

அந்தப் பெண் தாழ்வாரத்தைக் கடந்து வந்து உட்கார இடம் தேடினாள். பச்சை தலையை நிமிர்த்திப் பார்த்தார். கால்களை மடக்கிக்கொண்டு, அக்காவின் பக்கமாக நகர்ந்தார்.

“இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க அக்கா” என்றார். “ஆளுங்க வர்றாங்க.”